மறுப்புரைக்கு இடம்தந்த மிகுபுனைவு: ஏ.பி.நாகராஜனின் புராணப் படவரிசையில் ‘திருவிளையாடல்’ பெறும் இடம்

தமிழ்த் திரைப்படங்களைப் பற்றிய ஆய்வுகளில் புராணப் படங்களுக்குக் கிடைத்துள்ள இடம் மிகச் சிறிது. சமூகப் படங்களும் திராவிட இயக்கச் சார்புடைய படங்களும் பலமுறை ஆராயப்பட்டுள்ளன. புராணப் படம் என்றவுடன் அதனைப் பக்திப் பரப்புரை என்றோ தந்திரக் காட்சிகளின் தொகுப்பு என்றோ கருதி ஒதுக்கும் போக்கே மிகுதி. இவ்வாறு ஒதுக்கப்பட்டவற்றுள் ஏ.பி.நாகராஜன் இயக்கிய படங்கள் ஒரு தனி வரிசையாக வைத்து எண்ணத்தக்கவை. ‘திருவிளையாடல்’ (1965), ‘சரஸ்வதி சபதம்’ (1966), ‘திருவருட்செல்வர்’ (1967), ‘கந்தன் கருணை’ (1967), ‘திருமால் பெருமை’ (1968) ஆகிய ஐந்தும் நான்கே ஆண்டுகளுக்குள் வெளிவந்தவை. ஐந்திலும் சிவாஜி கணேசன் நடித்துள்ளார். ஐந்திற்கும் இசை கே.வி.மகாதேவன். கதைகள் வேறாயினும் தெய்வங்கள் மண்ணில் இறங்கி மாந்தரோடு உறவாடும் ஓர் உலகம் இவற்றில் தொடர்ந்து கட்டமைக்கப்படுகிறது. மேலைநாட்டார் ஒரே மாய உலகத்தைப் பல படங்களாக நீட்டும் முறையோடு இதனை ஒப்பிடுவதில் தவறில்லை.

இவ்வரிசையில் சிறந்த படம் எது என்னும் வினாவிற்குப் பொதுமக்கள் தரும் விடை ‘திருவிளையாடல்’ என்பதே. ஆனால் அவ்விடைக்குக் கூறப்படும் காரணங்கள் நிறைவளிப்பனவாக இல்லை. இசையே காரணம் என்பர். தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த இசையமைப்பாளருக்கான விருது முதன்முதலாக வழங்கப்பட்டபோது அதனைக் கே.வி.மகாதேவன் பெற்றது ‘கந்தன் கருணை’க்காகவேயன்றித் ‘திருவிளையாடல்’ படத்திற்காக அன்று. சிவாஜியின் நடிப்பே காரணம் என்பர். நடிப்பு மட்டுமே அளவுகோலாயின் ‘திருவருட்செல்வர்’ படத்தில் அவர் ஏற்ற அப்பர் வேடத்தை முன்னிறுத்துவோர் பலர் உளர். அவர்தம் கருத்தைப் புறந்தள்ளல் எளிதன்று. நாகேஷின் நகைச்சுவை எனின், அவர் ‘சரஸ்வதி சபதம்’ படத்திலும் உண்டு. ஆகவே இப்படத்தின் தனிச்சிறப்பு வேறோரிடத்தில் தேடப்பட வேண்டியதாகிறது. மிகுபுனைவின்மேல் கட்டப்பட்ட ஒரு படம் தன்னுள்ளேயே அம்மிகுபுனைவை மறுத்துரைக்கும் குரலொன்றுக்கு இடம் தந்து, அக்குரலைத் தோற்கடிக்காமல் விட்டதே அச்சிறப்பு என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

நான்கு கதைகள், நான்கு வாதுகள்

மாங்கனி கிடைக்காமையால் சினந்து நிற்கும் முருகனுக்கு அன்னை பார்வதி தந்தையின் திருவிளையாடல்களை எடுத்துரைப்பதாகப் படத்தின் சட்டகம் அமைந்துள்ளது. தருமிக்குப் பொற்கிழி அளித்தது, தக்கன் வேள்வி, மீனவப் பெண்ணாகப் பிறந்த கயற்கண்ணியை மணந்தது, பாணபத்திரருக்காக விறகு விற்றது என நான்கு கதைகள் கூறப்படுகின்றன. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் மதுரைக் காண்டம், கூடற் காண்டம், திருவாலவாய்க் காண்டம் என்னும் மூன்று பகுதிகளில் 64 விளையாடல்களைப் பாடுகிறது. அவற்றுள் விறகு விற்ற படலம் 41ஆவது. தருமிக்குப் பொற்கிழி அளித்த படலம் 52ஆவது. வலை வீசின படலம் 57ஆவது. தக்கன் வேள்வி இந்த 64 விளையாடல்களுள் ஒன்றன்று.

இத்தேர்வு உற்றுநோக்கத்தக்கது. கல் யானைக்குக் கரும்பு அருத்தியது, கால் மாறி ஆடியது, நரியைப் பரியாக்கியது எனக் கண்ணுக்கு விருந்தாகும் விளையாடல்கள் புராணத்தில் நிறைய உள. தந்திரக் காட்சிகளை நாடும் இயக்குநர் எவரும் முதலில் அவற்றையே எடுத்திருப்பார். நாகராஜன் அவற்றை விடுத்து, வாது நிகழும் கதைகளையே பெரிதும் தேர்ந்துள்ளார். புலவனுக்கும் இறைவனுக்கும் வாது. கணவனுக்கும் மனைவிக்கும் வாது. மீனவனாக வந்தவனுக்கும் மீனவப் பெண்ணுக்கும் சொற்போர். பாடகனுக்கும் பாடகனுக்கும் இசைவாது. சட்டகக் கதைகூடத் தந்தைக்கும் மகனுக்கும் இடையே எழுந்த ஊடலே. நாகராஜன் டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் பயின்றவர். இருவர் எதிர்நின்று சொல்லால் பொருதும் காட்சியின் வலிமையை மேடை அவருக்குக் கற்பித்திருந்தது.

இவ்வாதுகள் அனைத்தும் ஒரே தரத்தன அல்ல. மீனவர் கதை படத்தின் மெலிந்த பகுதி. சுறாவோடு பொருதும் காட்சி அன்றைய தொழில்நுட்ப எல்லைக்குள்ளும் நம்பகமாக அமையவில்லை. புராணத்தில் வேதப்பொருள் கேட்கையில் உமை கவனம் பிறழ்ந்தமையே அவள் மீனவப் பெண்ணாகப் பிறக்கக் காரணம். கற்பித்தலுக்கும் கற்றலுக்கும் உள்ள உறவைப் பற்றிய நல்லதொரு சிக்கல் அதில் இருந்தது. படம் அதனைத் தொட்டுவிட்டுக் காதற் குறும்புகளுக்குத் தாவிவிடுகிறது.

கீரனின் வினா

தருமி கதையே படத்தின் உயிர். இக்கதையின் மூலம் பல அடுக்குகளைக் கொண்டது. குறுந்தொகையின் இரண்டாம் பாடல் இறையனார் பெயரில் அமைந்தது. இயற்கைப் புணர்ச்சிக்கண் தலைவியின் நலம் பாராட்டும் தலைவன் தும்பியை நோக்கிக் கூறுவதாக அமைந்த குறிஞ்சித்திணைப் பாடல் அது. அகப்பாடலொன்று அரசவையில் சான்றாகக் கொண்டுவரப்படுவதே இக்கதையின் முதல் விந்தை. செண்பகப் பாண்டியனுக்கு எழுந்த ஐயம், மகளிர் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா, பூவாலும் பூசுபொருளாலும் வருவதா என்பது. அகப்பாடலின் தலைவன் காதல் மிகுதியால் கூறிய கூற்றினை உலகியல் உண்மைக்குச் சான்றாகக் கொள்ளலாமா என்னும் வினா அங்கேயே தோன்றிவிடுகிறது.

கீரன் எழுப்பும் குற்றம் இவ்விடத்தில்தான் பொருள் பெறுகிறது. பாட்டின் யாப்பிலோ சொல்லிலோ அவன் குறை காணவில்லை, பொருளில் காண்கிறான். இல்லாததை உள்ளதாகக் கூறியது குற்றம் என்கிறான். தொல்காப்பியர் புலனெறி வழக்கத்தை நாடக வழக்கு, உலகியல் வழக்கு ஆகிய இரண்டன் சேர்க்கையாகக் கண்டவர். அவ்வழி நோக்கினால் இறையனார் தரப்பு நாடக வழக்கின் உரிமையைக் கோருகிறது; கீரன் தரப்பு உலகியல் வழக்கின் கடமையை நினைவூட்டுகிறது. புனைவு எவ்வளவு தூரம் செல்லலாம்? அதனைத் தடுத்துக் கேட்கும் உரிமை யாருக்கு உண்டு? இவ்வினாக்களை எழுப்பும் படம், தானே கயிலையையும் நெற்றிக்கண்ணையும் காட்டும் ஒரு மிகுபுனைவு என்பதை மறத்தலாகாது. கூந்தலுக்கு இயற்கை மணம் இருக்க இயலாது எனக் கூறும் மாந்தன், தன்முன் நிற்பவனின் நெற்றியில் மூன்றாவது கண் திறப்பதைக் காண்கிறான். உலகியலுக்கு மாறானது கண்ணெதிரே நிகழ்ந்த பின்னும் அவன் தன் வாதத்தைக் கைவிடவில்லை. நெற்றிக்கண் இறைவனின் ஆற்றலுக்குச் சான்று. பாட்டின் பொருளுக்கு அது சான்றாகாது. இவ்வேறுபாட்டை இத்துணைத் தெளிவாகக் காட்டிய காட்சி பிற்காலத் தமிழ்ப் புனைவுகளிலும் அரிது.

புராணம் இக்கதையை முடிக்கும் முறை வேறு. பரஞ்சோதியார் கீரனைப் பொற்றாமரைக் குளத்தில் வீழ்த்தி, அவன் வருந்திப் பாடிய பின் 53ஆம் படலத்தில் கரையேற்றுகிறார். 54ஆம் படலத்தில் அகத்தியரைக் கொண்டு அவனுக்கு இலக்கணம் கற்பிக்கச் செய்கிறார். அஃதாவது, கீரன் குற்றம் கண்டது அவனது கல்விக் குறைவால் நேர்ந்தது என்பது புராணத்தின் தீர்ப்பு. படம் 54ஆம் படலத்தை எடுத்துக்கொள்ளவேயில்லை. நக்கீரர் மீண்டு எழுகிறார்; இறைவன் அவரது புலமையைப் பாராட்டுகிறான்; தருமிக்கும் பொற்கிழி கிடைக்கிறது. இலக்கணம் கற்பிக்கும் படலத்தை விலக்கிய அந்த ஒரு செயலால் கதையின் அறம் தலைகீழாகிவிட்டது. புராணத்தில் திருந்த வேண்டியவன் புலவன். படத்திலோ புலவன் திருந்த வேண்டியதாக எதுவும் எஞ்சவில்லை.

இவ்விடத்தில் ஒரு தடை எழுப்பப்படலாம். எல்லாம் சோதனையே எனக் கூறி இறைவனே நக்கீரருக்குச் சான்றிதழ் வழங்குவதால், மறுப்புரையும் இறுதியில் இறையருளுக்குள் அடங்கிவிடவில்லையா என்பது அத்தடை. அடங்குகிறது என்பதில் ஐயமில்லை. பக்திப் படம் அவ்வாறு முடிந்தே ஆகவேண்டும். ஆனால் சான்றிதழ் வழங்கப்பட்டது பணிந்தமைக்காக அன்று, பணியாமைக்காக. மேலும், கூந்தலுக்கு இயற்கை மணம் உண்டு என்று படத்தில் எங்கும் நிறுவப்படவில்லை. வாதம் முடிவின்றியே நிற்கிறது. பரிசு மட்டும் ஏழைக்குச் சேர்ந்துவிடுகிறது.

பிறப்பும் உழைப்பும்

அவைக்களக் காட்சியின் உரையாடல் பரஞ்சோதியாரை மட்டும் சார்ந்ததன்று. கீரனின் குலத்தொழிலாகிய சங்கறுத்தலைச் சுட்டி இறைவன் இகழ்வதும், அதற்குக் கீரன் விடையிறுப்பதும் தனிப்பாடல் மரபில் வழங்குவன. நாகராஜன் இப்பகுதியைக் காட்சியின் உச்சத்திற்கு அருகில் வைத்துள்ளார். பாட்டின் பொருளைப் பற்றிய வாதத்தில் விடை காண இயலாதபோது எதிரியின் பிறப்பை இழுப்பது இறைவனாயினும் இழிவே என்பது அக்காட்சியில் வெளிப்படையாகத் தெரிகிறது. தன் கையால் சங்கறுத்து உண்பவன், இரந்துண்பவனைக் காட்டிலும் தாழ்ந்தவன் அல்லன் என்னும் விடையில் தன்மான இயக்கத்தின் காலத்தில் வளர்ந்த செவிகள் எதனைக் கேட்டிருக்கும் என்பதை ஊகித்தல் கடினமன்று. 1952இல் ‘பராசக்தி’யின் வழக்குமன்றக் காட்சியில் அடுக்குமொழி பேசிய அதே சிவாஜி, 1965இல் கேள்வி கேட்கப்படும் இடத்தில் நிற்கிறார். திராவிட இயக்கத்தார் வளர்த்தெடுத்த உரையாடற் கலையைப் புராணப் படத்திற்குள் கொண்டுவந்து, அதன் வாதத் திறத்தைக் கடவுளுக்கு எதிர்நிற்கும் தமிழ்ப் புலவனிடம் ஒப்படைத்தமை நாகராஜனின் துணிவு. மொழிப் போராட்டம் தமிழகத்தை உலுக்கிய அதே ஆண்டின் சூலை 31ஆம் நாள் படம் வெளிவந்தது. இதனைக் கொண்டு படத்தை அரசியல் உருவகமாகச் சுருக்குதல் வேண்டா. எனினும், தமிழுக்காக அவையில் எழுந்து நிற்கும் ஒருவனை அவ்வாண்டின் பார்வையாளர் வெறும் புராண மாந்தனாக மட்டும் கண்டிருப்பர் எனக் கொள்வதும் பொருந்தாது.

வேடப் பங்கீடும் இங்கு ஒரு பொருளைச் சொல்கிறது. நாகராஜன் எழுதிய ‘நான் பெற்ற செல்வம்’ (1956) படத்தில் இதே கதை உள்நாடகமாக இடம்பெற்றது. அதில் சிவன், நக்கீரர் ஆகிய இரு வேடங்களையும் சிவாஜியே ஏற்றார். ஒருவரே இருவராக நிற்கும்போது வாது நடிப்புத் திறனின் வெளிப்பாடாகிவிடும். பார்வையாளர் வியப்பது வாதத்தை அன்று, மாற்றத்தை. ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் நாகராஜன் சிவனைச் சிவாஜியிடம் விட்டு, நக்கீரராகத் தாமே நின்றார். கயிலையைப் படைத்த இயக்குநர், அக்கயிலைநாதன் இயற்றிய பாட்டில் பொருட்குற்றம் காணும் திறனாய்வாளனாக வந்தார். நடிப்பில் சிவாஜிக்கு நிகராக நிற்க அவர் முயலவில்லை. அசைவு குறைந்த உடல், உயராத குரல், தயக்கமற்ற சொல் ஆகியவற்றால் எதிர்முனையின் ஆர்ப்பரிப்பைத் தாங்கி நிற்கிறார். இப்பொருத்தம் வேறொரு நடிகரால் கிட்டியிருக்குமா என்பது ஐயமே.

தருமியையும் இங்கே எண்ண வேண்டும். புராணத்தின் தருமி மணம் முடிக்கப் பொருளின்றி வருந்தும் தாய்தந்தையற்ற இளைஞன். நாகேஷின் தருமி எழுதத் தெரியாத புலவன். தன் அறியாமையைத் தானே அறிந்தவன். இறைவனை அவன் வினாக்களால் சோதிக்கும் பகுதி நாட்டார் விடுகதை மரபையும் ஊர்ப்புற வினாவிடைகளையும் நினைவூட்டுகிறது. பாடலைத் தருபவனின் தகுதியை உறுதிசெய்துகொண்ட பின்னரே அவன் ஓலையை வாங்குகிறான். ஆகவே இறைவன் இக்கதையில் இருமுறை தேர்வு எழுதுகிறான்: முதலில் ஓர் ஏழையிடம், பின்பு ஒரு புலவனிடம். முதல் தேர்வு சிரிப்பில் முடிகிறது. இரண்டாவது தீயில் முடிகிறது.

ஒரே கண், இரு வினைகள்

தக்கன் வேள்விக் கதை இதனை அடுத்து வைக்கப்பட்டிருப்பதால் ஓர் ஒப்பீடு தானே அமைந்துவிடுகிறது. தந்தையின் வேள்விக்குச் சென்று இழிவுபட்டுத் திரும்பிய தாட்சாயணிக்கும் சிவனுக்கும் நடக்கும் வாது, சக்தியின்றிச் சிவமில்லை என்னும் தத்துவத்தைக் கணவன் மனைவி பூசலாக இறக்கிவைக்கிறது. சாவித்திரி தன் தரப்பைக் குறைவின்றி எடுத்துரைக்கிறார். ஆயினும் இங்கே சினத்தீ வாதத்தை முடித்துவிடுகிறது. எரிந்தவள் விடை கூறுவதற்கில்லை. பின்னர் அவள் உயிர்ப்பிக்கப்படுவதும் தேவர்கள் வேண்டுகோளால் நிகழ்வது. புலவன்முன் தோற்ற நெற்றிக்கண் மனைவிமுன் வென்றுவிடுகிறது. படம் இம்முரணை அறிந்து செய்ததா என்பது தெளிவாகவில்லை. பெண்ணின் வாதத்திற்குப் புலவனின் வாதத்திற்குக் கிடைத்த மதிப்பு கிடைக்கவில்லை என்பதைக் குறிப்பிடாமல் இப்படத்தைப் புகழ்வது நடுநிலையாகாது.

விறகு விற்ற கதையில் தந்திரக் காட்சி முதன்முறையாகப் பொருளோடு பொருந்துகிறது. பாலையா ஏற்ற ஏமநாத பாகவதரின் செருக்கு, பாலமுரளிகிருஷ்ணாவின் குரலில் உண்மையான புலமையாகவே ஒலிக்கிறது. எதிரியைத் திறமையற்றவனாகக் காட்டி வெல்லும் எளிய வழியைப் படம் நாடவில்லை. விறகுவெட்டியாக வந்த இறைவன் டி.எம்.சௌந்தரராஜனின் குரலில் பாடும்போது, திரையில் பல சிவாஜிகள் தோன்றிக் குழலும் வீணையும் மிருதங்கமும் இசைக்கின்றனர். பாடுபவனும் இசைப்பவனும் ஒருவனே என்பது பாட்டின் பொருளாதலால் உருப்பெருக்கம் அலங்காரமாக நின்றுவிடாமல் விளக்கமாகிறது.

வரிசையின் ஏனைய படங்கள்

‘சரஸ்வதி சபதம்’ இதற்கு மிக அருகில் வருவது. கல்வியா, செல்வமா, வீரமா என்னும் வினாவே படத்தின் கரு. பணியாத புலவன் ஒருவன் அங்கும் உண்டு. ஆனால் ஊமையாய் இருந்த வித்யாபதியின் புலமை கலைமகளின் வரத்தால் ஒரு நொடியில் வந்தது. அரசியின்முன் அவன் பணியாமல் நிற்பது, அவனை நிறுத்திவைத்த தெய்வத்தின் ஆட்டத்தில் ஒரு காய் நகர்வதே ஆகும். நக்கீரரின் கல்வி யாரும் தந்ததன்று. அதனாலேயே யாரும் பறிக்கவும் இயலவில்லை. ‘திருவருட்செல்வர்’, ‘திருமால் பெருமை’ இரண்டும் அடியார் வரலாறுகள். அடியார்க்கு இறைவனோடு வாதிட வேண்டிய தேவை பெரிதும் இல்லை. ‘கந்தன் கருணை’யில் போர் உண்டு, வாது குறைவு. 1972இல் நாகராஜன் எடுத்த ‘அகத்தியர்’ படத்தில் அகத்தியருக்கும் இராவணனுக்கும் இசைப்போட்டி வருகிறது. அங்கே வெல்லப் போவது யார் என்பது முதற் சுரத்திலேயே தெரிந்துவிடுகிறது.

மேலைநாட்டு மாயப் படவரிசைகளிலும் இத்தகைய நிலையைக் காணலாம். 2001 முதல் 2011 வரை வெளிவந்த எட்டு ‘ஹாரி பாட்டர்’ படங்களுள், அல்ஃபோன்சோ குவாரோன் இயக்கிய மூன்றாவது படத்தையே (2004) திறனாய்வாளர் பலர் முதலிடத்தில் வைப்பர். மாயத்தின் அளவு கூடியமையால் அப்படம் உயரவில்லை. மாயத்திற்கு நடுவே வளரும் பிள்ளைகளின் அச்சமும் ஐயமும் இடம்பெற்றமையால் உயர்ந்தது.

செவிவழி வாழ்வு

ஒரு படத்தின் உள்வலிமையை அதன் சூழலுக்கு வெளியே வைத்துச் சோதிக்கலாம். தலைநகர் தில்லியில் யமுனைக்குக் கிழக்கே அமைந்த மயூர் விஹார் அத்தகையதோர் இடம். 1980கள் முதல் கூட்டுறவு வீட்டு வசதிச் சங்கங்களின் அடுக்ககங்களாக வளர்ந்த அப்பகுதியில் தமிழரும் மலையாளிகளும் கணிசமாகக் குடியேறினர். உத்தர குருவாயூரப்பன் கோயில் அங்கு உள்ளது. மயிலின் பெயரைத் தாங்கிய ஊர் என்பதால், மாங்கனிக்காக மயிலேறி உலகைச் சுற்றிய முருகனின் சட்டகக் கதையை அங்கே நினைப்பது வேடிக்கையான பொருத்தமே. இத்தகைய குடியிருப்பில் வளரும் இளந்தலைமுறைக்குத் தமிழ் பெரும்பாலும் வீட்டுமொழி. பள்ளிமொழி இந்தியும் ஆங்கிலமும். பொற்றாமரைக் குளமோ ஆலவாய்க் கோயிலோ அவர்தம் அன்றாடச் சூழலில் இல்லை. தமிழ் எழுத்தே தடையாக உள்ளோரும் உளர். அவர்களுக்குப் பரஞ்சோதியார் எட்டாத தொலைவில் இருக்கிறார். தருமி மட்டும் எட்டுகிறான்.

இஃது எவ்வாறு என்பதற்கு விடை படத்தின் கட்டமைப்பிலேயே உள்ளது. ‘திருவிளையாடல்’ உரையாடல்கள் இசைத்தட்டாகவும் பின்னர் ஒலிநாடாவாகவும் விற்பனையாயின. திருவிழாக்களிலும் மணவீடுகளிலும் ஒலிபெருக்கி வழியே முழங்கின. காட்சியே இல்லாமல் ஒரு மிகுபுனைவுப் படம் செவிக்கு மட்டும் நிறைவளித்தது என்பது எண்ணிப்பார்க்கத்தக்க நிகழ்ச்சி. தந்திரக் காட்சியை நம்பிய படம் ஒலிநாடாவில் உயிரிழந்துவிடும். வாதத்தை நம்பிய படத்திற்குக் குரல்கள் இரண்டு போதும். எழுத்தறியாத தில்லிச் சிறுவனும் பாட்டனாரின் குரலில் கேட்டுப் பழகிய கேள்வியையும் விடையையும் திருப்பிச் சொல்ல இயல்வது இதனாலேயே. புராணம் ஏட்டில் மட்டும் வாழ்ந்ததன்று; பொருள் சொல்வோரின் வாய்மொழியிலும் வாழ்ந்தது. அவ்வாய்மொழி மரபின் கடைசிக் கண்ணிகளுள் ஒன்றாக ஓர் ஒலிநாடா அமைந்தது.

2012ஆம் ஆண்டு செப்டம்பரில் இப்படம் எண்முறையில் மீட்டெடுக்கப்பட்டு அகலத்திரை வடிவில் மீண்டும் வெளியிடப்பட்டது. கயிலைக் காட்சிகளின் வண்ணமும் தாண்டவக் காட்சியின் ஒளியும் அதில் துலங்கின. செண்பகப் பாண்டியனின் அவையில் இருவர் எதிரெதிர் நின்று பேசும் பகுதிக்கு அம்மீட்பு கூட்டியது மிகக் குறைவே. அங்கே பழுதுபடக் கூடியதாகப் படச்சுருளில் அதிகம் இருந்ததில்லை.